குடுவை மட்டும் மிதந்தது

சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை

நேற்று எங்கள் வயல் கிணற்றில் மூழ்கிப் பழகும்போது மூக்கில் தண்ணீர் ஏறி, அலறிக்கொண்டு மேலே வந்தேன். உடனே நைனா என் முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிவிட்டார். ஆறு வயசுப் பிள்ளைகளுக்குக் கட்டுவது அது. எனக்குப் பதினாலு.

"ஒண்ணு முதுகுல, ஒண்ணு கழுத்துக்கு மேல. ரெண்டு குடுவையும் காலி!" என்று சூசை அண்ணன் சிரித்தான்.

"காலியா இருந்தாத்தாண்ணா மெதக்கும்" என்றேன். ஆனால் பயந்தேன்தான். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

இன்று அண்ணன் மாடுகளை அவிழ்க்கப் போனதும் குடுவையைக் கழற்றி மிதக்கவிட்டேன். தண்ணீருக்குள் இருக்கிற மூன்றாம் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கண்ணைத் திறந்தேன். மூக்கு எரிந்தது. மேலே பாயாமல், மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டேன். அப்புறம் தண்ணீர் ஏறவில்லை. இருபது எண்ணும்போது தலைக்கு மேலே இரண்டு கால்கள் உதைத்தன. அண்ணன் வேட்டியோடு குதித்திருந்தான். கால் கட்டைவிரலைக் கிள்ளிவிட்டு மேலே வந்தேன்.

"குடுவ மட்டும் மெதக்குது, நீ செத்துட்டன்னு நெனச்சேன்டி பேயே!" என்று அழுதான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த நைனா என் முதுகில் இரண்டு வைத்தார். பிறகு, "எத்தினி எண்ணின?" என்றார்.

"இருவத்தி நாலு. அண்ணன் கெடுக்காம இருந்தா முப்பது."

நைனா குடுவையை எடுத்துப்போய்க் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டார்.

அண்ணனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். நாளைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். முதலில் முப்பது எண்ணிவிட்டு வருகிறேன்.