சங்கர் அண்ணன் சொன்ன பொய்

வியாழன், ஜூலை 10

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் லோடு ஏற்றும் சங்கர் அண்ணனுக்கு இன்று என்னிடம் கடைசி கவுன்சிலிங். வலி மாத்திரைப் பழக்கத்தை விட்டு மூன்று மாதம் ஆகிறது. வந்ததும், “மறுபடி போட்டுக்கினேன் மேடம்” என்றார். யூரின் டெஸ்டுக்கு அனுப்பினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது.

“ஏண்ணா பொய் சொன்னீங்க?”

“இன்னா மேடம் பண்றது? நல்லாயிட்டேன்னா இன்னியோட அனுப்பிடுவீங்க. ரூம்ல எங்கூட பேசறது ஃபேன் ஒண்ணுதான். அதுவும் கடகடன்னு அதும்பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கும்.”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ? ஃபைலில் மாத்திரை போட்டார் என்று எழுதினால் பொய். போடவில்லை என்று எழுதினால் டாக்டர் அனுப்பிவிடுவார். அந்த ரூமில் தனியாக எத்தனை நாள் தாங்குவாரோ. டாக்டரைக் கேட்காமலே, அடுத்த வியாழனும் வாங்க என்று சொல்லிவிட்டேன். என்ன காரணம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.