அவனுக்கு வேகம் இருக்கு, பிரேக் இல்ல

இன்று காலை ராயகிரியிலிருந்து வந்த ஒருவருக்கு ஆதார் அட்டையை லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். மெஷின் சூடேறி, பிளாஸ்டிக் உருகும் வாசனை கடை முழுக்கப் பரவியது. உனக்கு அந்த வாசனை பிடிக்கும். எனக்குத் தலை வலிக்கும். நான் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைப்பேன், நீ பேசாமல் போய்க் குறைத்துவிட்டு வருவாய். இன்றும் கூட்டி வைத்தேன், குறைக்கத்தான் ஆளில்லை. அவர் அட்டையை வாங்கி வேட்டியில் ஒருமுறை துடைத்துவிட்டு, "இன்னும் சூடா இருக்குல்லா" என்று சொல்லிப் போனார். அவர் படியிறங்கியதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நம்முடைய விளையாட்டு தொடங்கியதே அரசாங்க சர்வரால்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று காலையில் நம் இ-சேவைக் கடையில் கூட்டம் நெருக்கும். மதியம் ஆனதும் இணையப் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். "மூணு மணிக்கு மேல வாங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிச் சாப்பிடுவோம். துபாய்க்குப் போகும்போது உன் அண்ணன் விட்டுப்போன பெரிய கம்ப்யூட்டர், உள்ளே கலர் கலராக விளக்கு எரியும், அது உன் மேசையில் இருந்தது. ஒருநாள் நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நீ ஒரு மலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தாய்.

"ஏட்டி, சும்மா நிக்கதுக்கு இதுல ஏறு. நான் ஓட்டுதேன், நீ சுடு" என்றாய்.

"யாரச் சுடணும்?"

"நம்மளச் சுடுதவன."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. இரண்டு அணிகள், தரையில் டாங்கிகள், நடுவில் நம்மைப் போன்ற ஹெலிகாப்டர்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஜெட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நிஜமான ஆள். அடுத்த கம்ப்யூட்டரிலும் விளையாட்டை ஏற்றி என்னைச் சுடும் இருக்கையில் உட்கார வைத்தாய். நம்மிருவருக்கும் ஒரே ஹெலிகாப்டர், ஒரே சாவு.

ஆரம்பத்தில் செத்துக்கொண்டேதான் இருந்தோம். பின்னால் ஒரு ஜெட் வரும், நான் "ஓட்டு, ஓட்டு" என்று கத்துவேன், நீ நேராகப் பறப்பாய், திரை முழுக்கத் தீப்பிடிக்கும். இப்படியே பல மதியங்கள் போயின. விட்டுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். நீ செய்ததோ வேறு. ஹெலிகாப்டரைத் தொடாமல் சில நாட்கள் ஜெட் மட்டுமே ஓட்டினாய். நம்மைக் கொல்லுகிறவனின் இருக்கையில் போய் உட்கார்ந்து, அவனுக்கு எங்கே பயம் என்று தேடினாய்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அவனுக்கு வேகம் இருக்கு, பிரேக் இல்ல. நேரா ஓடுனா நாம அவனுக்கு லட்டு. தரைய ஒட்டி இறங்கி அவனப் பாத்துத் திரும்பிட்டோம்னு வையி, குறி வைக்க அவனுக்கு நேரமே கிடையாது. இன்னும் கீழ வந்தா மண்ணுல மோதிருவான். தூக்கிட்டுப் போய்த்தான் ஆகணும். போயி அம்புட்டுத் தூரம் வளைச்சிட்டு வரணும்லா, அதுக்குள்ள நம்ம வேலைய முடிச்சிருவோம்."

சொல்லக் கேட்க எளிதாக இருந்தது. திரையில் ஒரு ஜெட் நம்மை நோக்கி வரும்போது அதன் பக்கமே மூக்கைத் திருப்புவது எப்படியிருக்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஜெட் நம் தலைக்கு மேலே போய்விட்டிருந்தது. நீ கரண்டியால் ஊறுகாயை எடுத்துக்கொண்டிருந்தாய்.

ஏவுகணை விஷயத்திலும் அப்படித்தான். அவன் நம்மைக் குறிவைக்கும்போது மெதுவாகப் பீப் பீப் என்று கேட்கும். ஏவிவிட்டால் அதுவே படபடவென்று அடிக்கும். அதைத் திசை திருப்ப நெருப்புப் பொறிகளை உதறிவிடலாம், ஆனால் ஒருமுறை உதறினால் மறுபடி சேர நேரமாகும். முதல் பீப்பிலேயே உதறச் சொல்லி நான் உன் கையைப் பிடித்து இழுப்பேன். "இப்ப அவன் பாக்கத்தான் செய்யுதான். இன்னும் ஒண்ணும் பண்ணல" என்பாய். படபடப்பு தொடங்கிய பிறகுதான் உன் விரல் அசையும்.

உன் நெஞ்சில் இருந்த உலோக வால்வைப் பற்றி எனக்கு முதலில் தெரிய வந்ததும் அந்த மதியங்களில்தான். பள்ளிக்கூட வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்ததையும், பத்தாவது முடித்த விடுமுறையில் ஆபரேஷன் நடந்ததையும் நீ ஏதோ மெஷின் ரிப்பேரைச் சொல்வதுபோலச் சொன்னாய். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது, பக்கத்துத் தெரு விசைத்தறிகளும் சாப்பாட்டுக்கு நிற்கும்போது, அந்த வால்வின் சத்தம் எனக்கே கேட்கும். கைக்கடிகாரத்தை மேசையில் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு டிக் டிக். ஜெட் வரும்போது அது வேகமாகிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஆனதில்லை.

கடைக்குப் பின்னால்தான் உங்கள் வீடு. ஒருநாள் உன் அம்மா, எனக்கு அத்தை, குழம்புச் சட்டியோடு உள்ளே வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? டென்ஷன் ஆகக் கூடாதுன்னு சொன்னாரா, இல்லையா?"

"எனக்கு ஏதும்மா டென்ஷன்? இவளுக்குத்தான். இவ கையப் பிடிச்சுப் பாரு."

அத்தை நிஜமாகவே சட்டியை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு உன்னுடையதை. மறுபடி என்னுடையதை. "ஏட்டி, நீ முதல்ல டாக்டரப் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு விளையாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுக்களைக்கும் கடைக்கும் நடுவில் இருந்த கதவை அவள் சாத்தியதுமில்லை.

நம் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய போட்டியில் நீ பெயர் கொடுத்தபோது, எதிரணியில் ஒருவன் நம் குரலைக் கேட்டுவிட்டான். "ஏலே, ஹெலிகாப்டர்ல ரெண்டு அக்காமாருலே. அக்கா, சோறு வடிச்சாச்சா?" என்றான். பத்துப் பேர் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ மைக்கை அணைத்துவிட்டு, "வடிச்சாச்சுன்னு அவன் பிறகு தெரிஞ்சுக்கிடுவான்" என்றாய். பருந்து என்று பெயர் வைத்துக்கொண்டு ஜெட் ஓட்டியவன் அவன். வாசுதேவநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு யாரையும் விட்டுவிட்டு நம்மையே தேடி வந்தான்.

இறுதி ஆட்டம் ஆடித்தபசுத் திருவிழா அன்று வந்து வாய்த்தது. ஊரில் நிற்க இடமில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து வந்த உன் சித்தி வீட்டார் திண்டாடிக் கடைக்குள் நுழைந்து பைகளை வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனார்கள். அத்தையும் அவர்களோடு போனாள். ஷட்டரை முழுக்க இறக்கினோம். ஆட்டம் தொடங்கவும், எதிர்க் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி உயிர்பெறவும் சரியாக இருந்தது. ஷட்டரே அதிர்ந்தது. ஹெட்செட்டைக் காதோடு அழுத்தியும் பீப் சத்தம் ஒரு பொட்டுக்கூடக் கேட்கவில்லை.

நான் பயந்துபோனேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் காதருகே கத்தினாய்: "உன் ஸ்கிரீன் ஓரத்துல சிவப்பு லைட்டு எரியும். அதப் பாத்துக்க. எரிஞ்சா என் தோள்ல ஒரு தட்டு. வேகமா மின்னுனா ரெண்டு தட்டு."

சுடுவதா, விளக்கைப் பார்ப்பதா? இரண்டையும் செய்தேன். தரையில் நம் ஆட்கள் ஒரு பாலத்தைப் பிடிக்க வேண்டும், அவர்கள் கடக்கும்வரை நாம் மேலே நிற்க வேண்டும். அதுதான் நம் வேலை. பருந்து வந்தான். ஒரு தட்டு. நீ அசையவில்லை. ஆற்றுக்குள் இறங்கினாய், தண்ணீர் தெறித்தது. ரெண்டு தட்டு. பொறிகளை உதறி மூக்கைத் திருப்பினாய், ஏவுகணை கரையில் வெடித்தது, அவன் மேலே போனான். வளைத்து மறுபடி வந்தான். இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியாக ஏவுகணை தீர்ந்து துப்பாக்கியோடு நேராக நம்மீதே பாய்ந்தான். நீ பாலத்துக்கு அடியில் நுழைந்துவிட்டாய். அவனுக்கு ஆத்திரம். கடைசி நொடிவரை தூக்கவில்லை. பாலத்தில் மோதித் தானே எரிந்தான்.

நம் ஆட்கள் அக்கரையில் ஏறிவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ, "தோளு வலிக்குடி, என்னா தட்டு தட்டுத" என்று சிரித்தாய். கோவிலிலிருந்து திரும்பி வந்த அத்தை, ஏன் இவள் அழுகிறாள், ஏன் நீ சிரிக்கிறாய் என்று தெரியாமல் இருவர் நெற்றியிலும் திருநீற்றைப் பூசிவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையோடு உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்னொரு வால்வும் பழுதாகிவிட்டது என்றார்கள். இரண்டாம் ஆபரேஷன் சுலபமில்லை என்பதை மதுரை டாக்டர் மறைக்காமல் சொன்னார். நீயும் என்னிடம் மறைக்கவில்லை. கார் வாசலில் நின்றபோது கடைச் சாவியை என் கையில் வைத்தாய்.

"ஏட்டி, ஓட்டுத சீட்ட நீ எடுத்துக்க."

"நீ வந்து எடு."

"வந்தா எடுத்துக்கிடுதேன். அதுக்காக அது சும்மா கெடக்கணுமா?"

ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, அத்தையிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாய். எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, "சர்வர் வருதா?" என்று கேட்டாய். குரல் மெலிந்திருந்தது, ஆனால் அது உன் குரல்தான். மறுநாள் விடிகிற நேரத்தில் உன் இதயம் நின்றுவிட்டது. பயந்து போனவளாக நீ போகவில்லை என்று அத்தை இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். அதை நான் நம்புகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு பார்த்தவள் நான்.

பதினாறாம் நாள் கழிந்து கடையைத் திறந்த வாரத்தில் ஒரு இளைஞன் வந்து நின்றான். ஏதாவது சான்றிதழுக்கு வந்திருப்பான் என்று நினைத்தேன். "நான்தாங்க்கா பருந்து" என்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்: "அவங்க ஹெலிகாப்டரோட பின்பக்கத்த நான் பாத்ததே இல்லக்கா. எப்ப போனாலும் என்னப் பாத்துத்தான் நிப்பாங்க. அன்னைக்கு சோறு வடிச்சாச்சான்னு கேட்டேன்ல. அதச் சொல்லணும்னுதான் வந்தேன்." புளியங்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

ஓட்டும் இருக்கையை எடுத்துக்கொண்டேன். முதலில் தனியாகப் பறந்தேன். நன்றாக ஓட்டுகிறேன் என்று சொன்னால் நீ நம்புவாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்: நன்றாகவே ஓட்டுகிறேன். ஆற்றுக்குள் உன் அளவுக்குத் தாழ்வாக இறங்க முடிகிறது. திரும்பும்போது உன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் திரும்புகிறேன்.

பங்குனியில் ஒரு மதியம் அத்தை சாப்பாட்டோடு வந்தாள். வைத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், போகவில்லை.

"இதுல அவ எங்கன இருப்பா?"

காட்டினேன்.

"நீ?"

அடுத்த கம்ப்யூட்டரைக் காட்டினேன். "சுடுதது நான், அத்தை."

"இப்ப அந்த எடத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

அத்தை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். "எத அமுக்கணும்?" என்றாள்.

முதல் நாள் குண்டுகள் எல்லாம் ஏரியில் போய் விழுந்தன. இரண்டாம் நாள் நம் அணி டாங்கியையே சுட்டாள். ஆனால் முப்பது வருஷம் பீடி சுற்றிய விரல்கள் அவை, ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. இப்போது சர்வர் நின்றதும் அவளே ஷட்டரை இறக்க வந்துவிடுகிறாள். உன்னைப் பற்றி அப்போதெல்லாம் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. மலை, பாலம், எந்தப் பக்கம் ஆள் நிற்கிறான், அது மட்டும்தான். சில நாள் சிரிக்கவும் செய்கிறாள்.

நீ கொடுத்துப் போனதில் இன்னும் என்னோடு என்ன இருக்கிறது என்று யோசித்தால், கடை இருக்கிறது, கை நடுங்காமல் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு நான் பறக்கிறேன். எனக்கு அது கனமாகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மேலே புதிதாக ஒரு ஜெட் தலைகாட்டியது. யாரென்று தெரியாது, கைதேர்ந்தவன் என்பது மட்டும் அவன் வளைத்த விதத்தில் தெரிந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

"இவன் நம்மளத் தேடியா வாரான்?"

"ஆமா அத்தை."

"வரட்டும்."

நான் அவன் பக்கமே மூக்கைத் திருப்பினேன்.