நீள்வட்டக் கண்ணாடி அலுமாரி

ஆவணி, இரண்டாம் ஞாயிறு.

மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க இன்று அரியாலைக்குச் சென்றோம். கூடத்தில் நீள்வட்டக் கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்று நின்றது. போரில் இடம்பெயர்ந்தபோது நாங்கள் விட்டுச்சென்றதும் அத்தகையதே. அதன் கடைந்த கால்களுள் ஒன்று முறிந்தபோது என்னைப் பெற்ற ஐயா சதுரக் கட்டை பொருத்தியிருந்தார். இதற்கும் முன் இடக்கால் சதுரக் கட்டை.

“என்ரை அம்மாவின்ரை சீதனம்,” என்றார் மாப்பிள்ளையின் தாயார், நான் கேளாமலே.

திரும்பும் வழியில் மனைவியிடம் என் ஐயத்தைச் சொன்னேன்.

“அந்த நாளையிலை எல்லா வீட்டிலையும் உந்த அலுமாரிதானே! ஒரு கட்டைக்காகப் பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பப் போறியளோ?”

சான்றின்றி எவரையும் ஐயுறுதல் முறையன்று. நாளை காலை சம்மதம் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகள் எங்கள் அலுமாரியின் முன் நின்று தலை வாரியவன் நான். ஐயா மாற்றியது இடக்காலா, வலக்காலா என்பது மட்டும் நினைவில் இல்லை.