அன்னம்மா பெட்டிக்கு அடியில்

மாம்புரி,
04.12.2013, புதன்கிழமை.

என் அன்புக்குரிய கீதன் அப்பாவுக்கு,

தலவில அன்னம்மாவின் காவலில் நான் சுகம். அங்கே உங்கள் கால் வீக்கம் வற்றியிருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பீற்றரிடம் கொடுத்து விடுகிறேன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அவர் கட்டாருக்குத் திரும்புகிறார். சனி காலை இது உங்கள் கையில் இருக்கும். தயவுசெய்து உட்கார்ந்து முழுவதையும் வாசியுங்கள். இது லொறிக் கதை. போனில் மூன்று முறை சொல்ல வெளிக்கிட்டேன். லொறி என்றவுடனே மூன்று முறையும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதுதானே.

முதலில் எங்கள் பிள்ளையின் விசயம். கீதன் வீட்டில் இல்லை. நீர்கொழும்பில், ஒரு மாதம் ஆழ்கடலில் நின்று மீன் பிடிக்கிற படகு ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறான். திங்கட்கிழமை விடிய வெளிக்கிடுகிறார்களாம். களப்பில் ஒரு மணி நேரம் போனதற்கே இரண்டு நாள் வாந்தி எடுத்துக் கிடந்தவன் அவன். இந்த மாதத்துக் காற்றை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குச் சோறு இறங்குதில்லை.

ஏன் போனான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதுரங்குளியில் மழைக்குள் அவன் ஓட்டின லொறி வேலியை உடைத்துக்கொண்டு தென்னந்தோட்டத்துக்குள் போனதையும், வெங்காய மூட்டைகள் எல்லாம் நனைந்ததையும் ஊரே பார்த்தது. அவன் அன்றைக்கே சொன்னான், “பிரேக் பிடிச்ச உடன கூரைக்குள்ளால தண்ணி கொட்டினது, லைற்றும் வைப்பரும் ஒண்டா நிண்டு போச்சு, எனக்கு ஒண்டும் தெரியேல்லை அம்மா” என்று. நீங்கள் போனில் சொன்னீர்கள், “குடிச்சுப்போட்டுக் கதை விடுறான், லொறித் திறப்பைப் பறிச்சு வை” என்று. பக்கத்தில்தான் நின்றான். உங்கள் குரலுக்கு ஒலிபெருக்கியா வேண்டும்? திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் மட்டும் என்ன திறமா? அன்றைக்கு அவன் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்றபோது, துவாயால் தலை துடைக்கிற சாட்டில் அவன் வாயை மணந்து பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. “வடிவா மணந்து பாருங்கோ அம்மா” என்று வாயைத் திறந்து காட்டினான். தண்ணீரும் வெங்காயமும்தான் மணத்தது. அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னித்தார். என் மனம் மன்னிக்கவில்லை.

அவன் போன மறுநாளே நான் குறிஞ்சிப்பிட்டிக்கு நூஹு நானாவின் கராஜுக்குப் போய் நின்றேன். லொறி அங்கேதான் கிடந்தது. “தண்ணி எங்கால வருது எண்டு கண்டுபிடிக்காமல் நான் வீட்டை போக மாட்டன்” என்று சொன்னேன். நானாவும் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தார். முன் கண்ணாடி றப்பரை மாற்றினார். இரண்டு கதவு றப்பரையும் மாற்றினார். பிறகு நான் கபினுக்குள் இருந்து டோர்ச் அடிக்க, அவர் வெளியே இருந்து குழாயால் கீழிருந்து மேலாக, ஒரு சாண் ஒரு சாணாகத் தண்ணீர் அடித்தார். கண்ணாடி விளிம்பு வரைக்கும் வந்து, அதோடு நிறுத்தினார். ஒரு துளி இறங்கவில்லை. அப்ப பிள்ளை பொய்தான் சொன்னானா என்று நினைத்தேன். ஓம், திரும்பவும் நினைத்தேன்.

ஆனால் மனம் கேட்கவில்லை. உள்கூரை விளிம்பு நெடுகவும், தூண் நெடுகவும், டாஷ்போட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டி வரைக்கும் கோதுமை மாவைத் தூவி வைத்துவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் நல்ல மழை. விடியப் போய்ப் பார்த்தால் மா அப்படியே காய்ந்து கிடந்தது. நூஹு நானா லொறியை முற்றத்தில் பத்தடி முன்னுக்கு எடுத்து பிரேக்கை அமத்தினார். அவ்வளவுதான். ஒரு கோப்பை தண்ணீர் அவர் தொப்பியில் கொட்டி, தூணால் வழிந்து, நேரே பியூஸ் பெட்டிக்குள் இறங்கியது. மாவில் அதன் பாதை அப்படியே தெரிந்தது. லொறி நிற்கும்போது தண்ணீர் கூரைக்கும் உள்மட்டைக்கும் இடையில் தேங்கிக் கிடக்கிறது. பிரேக் பிடித்தால்தான் முன்னுக்கு ஓடி வருகிறது. பிள்ளை சொன்னது ஒரு சொல்லும் பிசகவில்லை.

அப்ப கூரையில் எங்கே ஓட்டை என்று கேட்டேன். நானா நிலத்தைப் பார்த்தார். “பாக்காத எடம் ஒண்ணுதான் தங்கச்சி. அது ஒங்கட கும்புடுற சாமான். நான் ஒரு முஸ்லிம் மனுசன், அதுல கை வெச்சி, ஓட்ட இங்கதான்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன்” என்றார். பாருங்கோ, அவருக்கு முதலே சந்தேகம். மரியாதைக்காக றப்பர் றப்பராக மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்களும் ஒரு நாள் கபின் கூரையில் நிற்கிற அன்னம்மாவின் சுருபப் பெட்டியை அசைத்துப் பார்த்தோமா? தொட்டு முத்தி செய்தோம், மாலை போட்டோம், அவ்வளவுதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏணி வைத்து ஏறினேன். அன்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெட்டியின் ஆறு ஆணிகளையும் கழற்றினேன். ஒன்றுக்கும் றப்பர் வாசர் இல்லை. சுற்றிவர இரும்பெல்லாம் கறள் பிடித்திருந்தது. நடுவில் மின்குமிழ் வயர் இறக்குவதற்கு நீங்கள் துளைத்த ஓட்டை, என் பெருவிரல் போகிற அளவு. அதை அடைக்க நீங்கள் வைத்தது உடுப்புச் சவர்க்காரம். அதன் தோல் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருந்தது. பெற்றோல் தாங்கியில் கசிந்தால் சவர்க்காரம் பூசுகிற மனிசன், மழைக்கும் அதையே பூசியிருக்கிறீர்கள்! மேலே இருந்துகொண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பொய் ஏன், கொஞ்சம் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் பெட்டியைப் பூட்டின நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் உங்களுக்கு பிளேன். வெயிலுக்குள் கூரையில் ஏறி நின்று அவசரம் அவசரமாக ஆணி முறுக்கினீர்கள். நாளைக்குப் பூட்டலாம் என்றதற்கு, “நாளைக்கு நான் இல்லை, இனி இவனை அன்னம்மாதான் பாக்கோணும்” என்று சொன்னீர்கள்.

ஓட்டைகளை நானா தகரம் வைத்து ஒட்டிவிட்டார். பியூஸ் பெட்டியைப் புதிதாகப் போட்டு உயரத்தில் பூட்டினார். நேற்று மழைக்குள் புத்தளம் வரை போய், பத்து இடத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தோம். திரும்பவும் தூவி வைத்த மா தூசு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

பிள்ளைக்கு நான் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். “அப்பாவுக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் போய் அழைத்தால் வரமாட்டான். அது உங்களுடைய பிடிவாதம், என்னுடையது இல்லை.

அவன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிறு இரவு படகில் ஏறும்வரை போன் வேலை செய்யும். பெரிய கதை ஒன்றும் வேண்டாம். பெட்டியைப் பற்றியும் கதைக்க வேண்டாம். “தம்பி, நீ சொன்னது உண்மை” என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வாயால் அவன் அதைக் கேட்க வேண்டும்.

அன்னம்மாவின் பெட்டி வீட்டு மேசையில் இருக்கிறது. கபினுக்குள் பூட்டலாம், நான் பூட்டவில்லை. லொறித் திறப்பை அவள் காலடியில் வைத்திருக்கிறேன். அவன் வந்து எடுக்கட்டும், பெட்டியையும் அவனே பூட்டட்டும்.

கடவுள் உங்கள் கோபத்தைத் தணித்து, உடம்பைக் காத்து, திங்கட்கிழமைக்கு முன் உங்கள் வாயைத் திறக்கட்டும்.

என்றும் உங்கள்,
றீற்றா.