முகாமுக்குள் நம் வீடு

பலெர்மோ

இஞ்சாரும்,

எழுத்துகள் கோணலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், பொறுத்துக்கொள்ளும். இங்குள்ள கோவில் வகுப்பில் எழுதப் படித்து, முதன்முதலாக நானே எழுதுகிறேன்!

இன்று சியாகுல்லியில் நாங்கள் வேலை செய்யும் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் ஊர்ச் செய்தியை உரக்க வாசித்தேன். செலவைக் குறைக்க அரசாங்கம் இராணுவத்தைக் குறைக்கத் திட்டமிடுகிறதாம்.

"எங்கடை வீட்டிலை இருக்கிற முகாம் எழும்பப்போகுது!" என்று துள்ளினேன்.

"ஆளைத்தான் குறைக்கப்போகினம், அண்ணை. காணி விடுறதெண்டு எங்கை கிடக்கு? திருப்பி வாசியுங்கோ," என்றான் இதுவரை எனக்குக் கடிதம் எழுதித் தந்த பவுல்.

திருப்பி வாசித்தேன். இல்லை.

வீடு கிடைத்த பிறகே வருவேன் என்று அவனைக் கொண்டுதான் எழுதுவித்தேன். மற்றதை அவனிடம் சொல்ல வெட்கம். இப்போது என் கையாலேயே எழுதுகிறேன்: மனம் உம்மைத் தேடுகிறது. நீர் இருக்கும் அந்த வாடகை வீட்டுக்கே வருகிறேன்.

அடுத்த கிழமைக் கடிதத்தில் பயணத் திகதி இருக்கும்.

உம்முடையவன்