நாலு பேர் முன்னால்

சித்தூர்
9 ஜூன் 2024

என் அருமை மகள் ஸ்வீட்டிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நலம். மணிப்பூர் குளிருக்கு நீ ஸ்வெட்டர் போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஜூன் மாதத்தில் என்ன குளிர் என்றேன். அது மலை, எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது நைனாவுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? சமையலறையில் இருமினால் வாசலில் கேட்கும். உன் அண்ணன் சாம்ராஜ் நாள் முழுக்க வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் காதுபட அவனைப் பற்றி எப்படிப் பேசுவது?

சத்தீஸ்கர் காட்டில் கண்ணிவெடியில் இவனுக்கு முன்னால் போன படை வண்டி சிதறியபோது இவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று சந்தோஷப்பட்டோம். நீண்ட லீவில் வந்த நாளிலிருந்து தூக்கம் கிடையாது. பாயை விரித்து அதன்மேல் உட்கார்ந்தே விடியவைக்கிறான். தெருவில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டி மூடியிருக்கிறார்கள். அந்தப் புது மண்ணில் கால் வைப்பதில்லை. எதிரே இருக்கிற கடைக்குப் பின்தெரு வழியாகப் போகிறான். ஊரைச் சுற்றி வருவதற்குள் பால் தயிராகிவிடும் என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. "தோண்டுன எடத்துல மிதிக்கக் கூடாது நைனா" என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

டாக்டரிடம் போகலாம் என்றால் நான் என்ன பைத்தியமா என்கிறான். நான் காலமெல்லாம் பஸ் ஓட்டினவன். இன்ஜினில் எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். இது எனக்குப் பிடிபடவில்லை. சண்டை நடந்த ஊர் ஜனங்களுக்கு ஆறுதல் சொல்லத்தானே நீ படித்தாய். இவன் தூங்க நாங்கள் என்ன செய்யவேண்டும், எழுது.

உன் நைனா,
இயேசுதாசன்


நிவாரண முகாம், மணிப்பூர்
24 ஜூன் 2024

அன்புள்ள நைனா,

அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே குளிர் இல்லை, மழைதான். வீடு எரிந்துபோன குடும்பங்களை ஒரு கல்லூரி விடுதியில் வைத்திருக்கிறார்கள். ஓர் அறைக்கு நான்கு குடும்பம், நடுவில் போர்வையைக் கட்டித் தடுப்பு. என் வேலை ஆறுதல் சொல்வது இல்லை நைனா. சொன்னால் யாருக்கும் ஆறவும் ஆறாது. பெண்கள் அரிசியில் கல் பொறுக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறேன், அவ்வளவுதான்.

அண்ணனைக் கேலி செய்யாதீர்கள். அவன் பின்தெருவில் போனால் நீங்களும் கூடப் போங்கள். அவனுக்குப் பைத்தியம் இல்லை, வெளியே தெரியாத காயம். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர் இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே ஒரு பெண் ஒரு வருஷமாக வாய் திறக்காமல் இருந்தாள். போன வாரம் நாலு பேர் முன்னால் நடந்ததைச் சொன்னாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். நம்பிக்கையான நாலு பேர் முன்னால் சொன்னால் அண்ணனுக்கும் பாரம் குறையும்.

உங்கள்
ஸ்வீட்டி


சித்தூர்
22 ஜூலை 2024

ஸ்வீட்டிக்கு,

நீ எழுதியதைத்தான் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்பிக்கையான நாலு பேர் என்றால் நமக்குச் சபையை விட்டால் யார்? பிரேக் பிடிக்காமல் மலைப்பாதையில் ஓடின பஸ் பாறையில் முட்டி நின்ற வருஷம் நானும் சபை முன்னால் நின்று கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னவன்தானே. அதற்கப்புறம் மனசு லேசாக இருந்தது. அதனால் சாம்ராஜ் உயிர் தப்பியதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை ஏற்பாடு செய்தேன். சபைப் போதகர் ஐயரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி.

வடமாலபேட்டை பழனியை உனக்கு நினைவிருக்கும். இவனோடு ஒரே படையில் இருந்தவன். கிறிஸ்துமஸுக்கு வந்து "இன்னும் கொஞ்சம் போடுங்க அங்கிள்" என்று கேட்டு வாங்கித் தின்றவன். முன்னால் போன வண்டியில் இருந்தது அவன்தான். அவனுடைய அம்மா சந்திரம்மாவையும் கூப்பிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள், நம்மோடு சேர்ந்து உட்கார்ந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவளும் நெற்றியில் விபூதியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஐயர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். சாம்ராஜ் எழுந்து போய் நின்றான். அவளைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்:

"பழனி அம்மாவும் கோயில் கோயிலாப் போய் வேண்டிக்கினுதான் இருந்தாங்க. என்னைக் காப்பாத்துனாருன்னு நான் இங்க சொன்னா, அவனை வுட்டுட்டாருன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆவும். நான் சொல்லமாட்டேன்."

சந்திரம்மா எழுந்து வெளியே போனாள். இவனும் பின்னாலேயே போனான். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் இருவரும் அவள் ஊருக்குப் போகத் திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பிரியாணி மீதியில்லாமல் தீர்ந்தது. ருசியாக இருந்தது என்று நாலு பேர் என்னிடமே சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது.

அவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

நைனா


மணிப்பூர்
5 ஆகஸ்ட் 2024

நைனா,

நாலு பேர் என்று நான் எழுதியது நிஜமாகவே நாலு பேரை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நம் ஊரில் நாலு பேர் என்றால் ஊரே என்று அர்த்தம் என்பதை இங்கே உட்கார்ந்து மறந்துபோனேன். உங்கள்மேல் கோபம் இல்லை. ஒரு வார்த்தையைச் சரியாக எழுதத் தெரியாதவள், இங்கே யாருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் இருக்கிறது.

போய்ப் பாருங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அம்மா கேட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஸ்வீட்டி


சித்தூர்
2 செப்டம்பர் 2024

ஸ்வீட்டிக்கு,

வடமாலபேட்டைக்குப் போய்வந்தேன். அம்மா செய்துகொடுத்த முறுக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

சந்திரம்மா வீட்டையொட்டி வேர்க்கடலைக்கு உழுதுபோட்ட கொல்லை. சாம்ராஜ் அந்தப் புது மண்ணில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். குழாய்ப் பள்ளத்துக்குப் பயந்து பின்தெரு சுற்றினவன்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரப்பில் நின்று "சாம்ராஜு" என்று கூப்பிட்டேன்.

நின்றுவிட்டான். குனிந்து காலடியைப் பார்த்தான். உழுத மண்ணில் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. நடுக்கொல்லையில் அப்படியே நின்றான். நான் பக்கத்தில் போகவும் பயந்தேன்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து சந்திரம்மா கூப்பிட்டாள், "பழனி, துன்ன வாடா." அவன் தலை நிமிர்ந்து, அந்த மண்ணில் கால் பதியப் பதிய நடந்து, என்னைத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான்.

சந்திரம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள். "ஒருநாளு வாய் தவறிக் கூப்பிட்டுட்டேண்ணா. ‘இன்னாம்மா’ன்னு வந்துட்டான். அப்புறம் என்னால நிறுத்த முடியல." சொல்லிவிட்டு அழுதாள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னதும் உள்ளே போய் அவன் தட்டில் இன்னும் சோறு போட்டாள். அவளிடம் சண்டை போடவா, கும்பிடவா? என் பிள்ளையை நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? உடனே எழுது.

நைனா


மணிப்பூர்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தை எங்கள் மேலதிகாரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றார். அது எனக்கும் தெரியும். அவனை அங்கிருந்து எப்படி எழுப்புவது, எந்தப் பேரில் கூப்பிடுவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை நைனா. லீவு கேட்டிருக்கிறேன். இங்கே மறுபடியும் துப்பாக்கிச் சத்தம், ரோடு மூடியிருக்கிறது. அதுவரைக்கும் ஒன்றே ஒன்று கேட்டு எழுதுங்கள். அங்கே அவன் தூங்குகிறானா?

ஸ்வீட்டி


சித்தூர்
30 செப்டம்பர் 2024

ஸ்வீட்டி,

சந்திரம்மாவிடம் கேட்டேன். படுத்ததும் தூங்கிவிடுகிறானாம். நம் வீட்டில் அம்மா அவன் பாயைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

வரப்பில் நின்று நானும் இன்றைக்குப் பழனி என்று கூப்பிட்டேன். உடனே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. "சாப்ட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டான்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

இயேசுதாசன்