அவர் இல்லாத நொடிகள்

மே 4

பதினைந்து நாள் லீவு கிடைத்துவிட்டது. கொடுக்கும்போது முதலாளியின் முகம் பல் பிடுங்கிக்கொண்டவர் முகம்போல் இருந்தது. இருக்கட்டும். பதினோரு வருஷமாக அந்தக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் வெளியூர் போனதில்லை.

முதலில் நாத்தனார் வீடு, காரில் நாலு மணி நேரம். அங்கே ஆறு நாள். பிறகு மலைமேல் என் அண்ணன் வீடு, ஒரு வாரம். எல்லாம் நம் வண்டியில்தான். வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் கிளட்ச் மிதிக்கக் கற்றவர்கள். "இருபது வருஷத்துல ஒரு கீறல் கிடையாது" என்று வண்டியைக் கழுவும்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

பெரியவளுக்கு எட்டு வயது. பொம்மைக்குத் தனிப் பை வேண்டுமாம். சின்னவன் பட்டாணிக்கு நாலு. பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஜிப்பை இழுக்கச் சொல்கிறான்.

நாளை மறுநாள் விடியற்காலை கிளம்புகிறோம்.

மே 6

வந்து சேர்ந்துவிட்டோம். எல்லோரும் பத்திரம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பாதி வழியில் பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். அவர் என்னிடம் பேசிக்கொண்டே ஓட்டினார், யாரோ ஒரு ஸ்டூடண்ட் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் கேட்டில் இடித்துக்கொண்டு நின்ற கதை. "அவன் என்ன பண்ணான்னா—" என்றவர் நின்றுவிட்டார். சொல் தேடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாய் எதையோ மெல்லுகிறது. வாயில் ஒன்றும் இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் பார்க்கிறது. கண் திறந்திருக்கிறது.

பார்க்கிற கண்ணையும் பார்க்காத கண்ணையும் எனக்குத் தெரியும். அதுதானே என் வேலை. அந்தக் கண் பார்க்கவில்லை.

வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. "என்னங்க" என்றேன். மூன்று தடவை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்புறம் வந்தார். ஆமாம், வந்தார் என்றுதான் எழுத வேண்டும். எங்கேயோ போய்விட்டு வந்தவர் மாதிரி. வண்டியை நேராக்கிவிட்டு, "என்ன, தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

ரிவர்ஸ் எடுத்தவன் கதையை அவர் முடிக்கவே இல்லை. அப்படி ஒரு கதை சொன்னதே அவருக்கு நினைவில்லை.

மே 7

காலையில் கேட்டேன். "நீதான் தூங்கி வழிஞ்சிட்டிருந்த. கனவு கண்டிருப்ப" என்கிறார். நாத்தனார் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

நான் தூங்கினேனா? இல்லையே. தூங்கினேனோ?

மே 8

இன்று ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "புதுசா கல்யாணம் ஆன மாதிரி பாக்கறியே" என்று நாத்தனார் கேலி செய்தார்.

மே 9

எழுதவே பயமாக இருக்கிறது.

மத்தியானம் பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் வாய் சும்மா இருக்காது. பட்டாணியும் அவளும் விளையாடும் விளையாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், "அப்புறம் அப்பா சிலை" என்றாள்.

"அது என்ன விளையாட்டு?"

"அப்பா சிலை ஆயிடுவாரும்மா. கூப்பிட்டா பேச மாட்டாரு. நாங்க ஒண்ணு, ரெண்டு எண்ணுவோம். போன தடவ பதினாலு."

"எங்கடி? வீட்லயா?"

"வீட்லயும்தான். ஸ்கூல் விட்டு கூட்டிட்டு வரும்போது கார்லயும்."

சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன். கார்ல. என் ரெண்டு பிள்ளைங்களும் பின்னாடி உக்காந்து எண்ணிட்டிருந்திருக்குங்க. பதினாலு நொடி அந்த வண்டிய யாரு ஓட்டினா?

மே 10

நாத்தனாரிடம் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்லும்போதே கை நின்றுவிட்டது. குழாயை மூடவில்லை, தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. திரும்பாமலே கேட்டார்:

"வாய் மெல்லுறானா?"

நான் குழாயை மூடினேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

எல்லாம் சொன்னார். இவருக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்திருக்கிறது. விழுந்து துடிக்கிற வலிப்பு இரண்டு தடவைதான். மற்றபடி இப்படி நின்ற இடத்தில் நின்றுபோவது. மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். பத்தொன்பது வயதில் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் லைசென்ஸ். எங்கள் கல்யாணப் பேச்சின்போது மாமியார் சொன்னாராம், வராத நோயைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று.

"நீ நல்ல பொண்ணு. சம்பந்தம் விட்டுப்போயிடுமோன்னு பயந்துட்டோம்" என்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ஈரக் கையோடு. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அவன் பொழப்பே வண்டிதான்."

மறைத்தவர்கள் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. பயம் இருக்கிற இடத்தில் கோபத்துக்கு இடமில்லை போலிருக்கிறது.

மே 11

மொட்டை மாடியில், துணி காயப்போடுகிற இடத்தில் வைத்துக் கேட்டேன். முதலில் தெரியாதது போல் இருந்தார். அக்கா சொல்லிவிட்டார் என்றதும் கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"அது சின்ன வயசுல. போயிடுச்சு."

"போகலைங்க. நான் பாத்தேன். பிள்ளைங்க பாத்திருக்கு."

"பிள்ளைங்க ஆயிரம் சொல்லும்."

"டாக்டர்கிட்ட போகலாம். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

"டாக்டர்கிட்ட போனா லைசென்ஸ் போச்சு. அப்புறம் நான் என்ன பண்ண? உன் கடையில உக்காந்து கண்ணாடி துடைக்கவா?"

நாளை காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோமாம். மலை ஏற நாற்பது வளைவு. போன வருஷம் பட்டாணி மடியில் இருந்துகொண்டு, பெரியவள் பலகையில் படித்த வளைவு நம்பரையெல்லாம் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தான்.

மே 13

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

பெட்டியெல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. அவர் ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் பட்டாணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"ஏறு" என்றார்.

"நாங்க பஸ்ல வர்றோம்."

நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். காருக்குள் இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். குறுக்கே படுத்திருக்க வேண்டும். என் பிள்ளைங்கள மட்டும் இறக்கிட்டேன். ரோட்டுல போற மத்தவங்க பிள்ளைங்க? அதை நான் அப்போது நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பஸ் புறப்பட்டதும் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் கழித்துப் பெரியவள் கத்தினாள், "அம்மா, நம்ம கார்!" எங்கேயோ காத்திருந்து, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். முறைத்துக்கொண்டு போனவர் எங்களைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் பின்தொடர்கிறார். பட்டாணி கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கையாட்டினான். அவரும் ஆட்டினார்.

நான் கண் சிமிட்டக்கூட இல்லை. கண்ணைச் சிமிட்டினால் அந்த நேரத்தில் அவர் போய்விடுவாரோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம். ஒரு மணி நேரம் அப்படியே வந்தோம். பிறகு ஒரு லாரி நடுவில் வந்தது. லாரி எங்களைத் தாண்டிப் போனபோது பின்னால் ரோடு மட்டும் இருந்தது.

வருவார், வருவார் என்று பார்த்தேன். போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கண்டக்டரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். "நடுவுல நிறுத்த முடியாதும்மா, அடுத்த ஸ்டாப் ரெண்டு நிமிஷம்" என்றார். அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

இறங்கிய இடத்தில் ஒரு டயர் கடையும் ஒரு பெஞ்சும்தான். பட்டாணி, "அப்பா எங்க?" என்றான். "பின்னாடி வர்றாரு." "எங்க?" "வர்றாருடா." பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. வாயாடி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆம்புலன்ஸ் ஒன்று போனது, நாங்கள் வந்த திசையை நோக்கி. டயர் கடைக்காரர் எழுந்துவந்து, "யாரையாவது பாக்கணுமாம்மா?" என்றார். நான் ரோட்டைக் காட்டினேன்.

அப்புறம் ஒரு பால் வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அவர் இறங்கினார். ஒரு காலில்தான் செருப்பு. முழங்கால்வரை மண். பட்டாணி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அவர் குனிந்து அவனைத் தூக்கவில்லை. தூக்கலாமா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பிறகு சொன்னார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "லாரிய விட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்தா வண்டி மணல்ல நிக்குது. பக்கத்துல ஒரு அம்மா. பழம் விக்கிறவங்க. குடை போட்டு உக்காந்திருந்தாங்களாம். அந்தக் குடையத்தான் தள்ளிட்டுப் போயிருக்கேன்."

"அந்தம்மா?"

"ஓடிட்டாங்க. ஒண்ணும் ஆகல. ஆம்புலன்ஸ்காரங்களும் பாத்துட்டாங்க. என்னைத் திட்டக்கூட இல்ல. கீழ விழுந்த பழத்தையெல்லாம் விட்டுட்டு எனக்குத் தண்ணி குடுத்தாங்க."

கார் சாவியை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. வழி முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

மே 14

அண்ணன் வீடு. அண்ணன் ஆள் கூட்டிப்போய்க் காரை எடுத்துவந்து பின்பக்கம் நிறுத்தியிருக்கிறார். அந்த அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தாராம். புதுக் குடை வாங்கிக் கொடுத்தாராம்.

இவர் கட்டிலைவிட்டு எழவில்லை. சாயங்காலம் தானாகவே பேசினார். இரண்டு வருஷமாக இருக்கிறதாம். போன வருஷம் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்தும்போது அவளே பிரேக் போட்டு நிறுத்தி, "சார், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்துச் சமாளித்தாராம்.

"வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல உக்காந்து அழுதேன்" என்றார். "நீ வெளிய நின்னு, சோப்பு தீந்துடுச்சான்னு கேட்ட."

பத்து வருஷம் ஒரே வீட்டில். எனக்குத் தெரியவில்லை. பயந்துகொண்டிருந்தது நான் மட்டும் இல்லை.

மே 16

நரம்பு டாக்டர். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி எடுத்தார்கள். "எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷம்" என்றார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். "வண்டி, ஏணி, குளம், மூணும் வேண்டாம். பாத்ரூம் தாழ்ப்பாள் போட வேண்டாம். அது வரும்போதெல்லாம் தேதி, நேரம், எத்தனை நொடின்னு எழுதிட்டு வாங்க" என்று ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தார். "மறுபடி எப்ப ஓட்டலாம்?" என்று இவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "முதல்ல இது நிக்கட்டும். அப்புறம் பல மாசம் பாக்கணும்" என்றார்.

மே 19

ரயிலில் வீடு திரும்பினோம். கார் அண்ணன் வீட்டிலேயே நிற்கிறது. ரயில் வேகம் குறையும்போதெல்லாம் இவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 22

குளிக்கிறார். தண்ணீர் சத்தம் கேட்கிறது. கேட்கிறது. நின்றது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவ வருவ?" என்றார்.

மே 25

டிரைவிங் ஸ்கூல் ஓனரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். ஓனர், "காருல ஏறாத. வகுப்புல நில்லு. சிக்னல் பாடம் எடு" என்றாராம். பழைய சம்பளம் கிடையாது.

சொல்லி முடித்துவிட்டு ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஜூன் 3

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகளை நான் நடத்திக் கூட்டிப்போனேன். இவரும் கூடவே வந்தார். ரோட்டைக் கடக்கும்போது பெரியவள் அவர் கையைத்தான் பிடித்திருந்தாள். அவள் யாருக்காகப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இழுத்துக்கொள்ளாமல் கொடுத்தார்.

ஜூன் 11

மாத்திரை தொடங்கியதிலிருந்து ஒன்றும் இல்லை. நான் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

இன்று காலையில் மேஜையில் உட்கார்ந்து பட்டாணிக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். கை நின்றது. வாய் மெல்ல ஆரம்பித்தது. நான் பிளேடை மட்டும் விரலிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பழைய பயம் அப்படியே வந்தது, ஒரு சொட்டுக் குறையாமல்.

திரும்பி வந்தார். பென்சிலைப் பார்த்தார். பிளேடு இல்லாத விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப போயிட்டு வந்தேனா?"

"ஆமாங்க."

எழுந்துபோய் அலமாரியிலிருந்து டாக்டர் கொடுத்த நோட்டை எடுத்துவந்தார். தேதி போட்டார். மணி போட்டார்.

"எத்தனை?"

"ஒன்பது."

பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "எட்டுன்னு போட்டுக்கலாமா?"

"ஒன்பதுங்க."

ஒன்பது என்றே எழுதினார்.